மதுரையிலிருந்து காசிக்குக் காரில்: இரண்டு தோழிகள், ஒரு பழைய சாலை, ஆறு மணி விதி

(ஒலிப்பகுதியின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன பகுதியில் "அடுத்த வாரம் ஒரு பயணக் கதை சொல்றேன்"னு சொல்லியிருந்தேன் இல்லையா? அதுதான் இன்றைக்கு. மதுரையிலிருந்து காசி வரைக்கும் காரிலேயே போய் வந்த கதை. போனது நானும் என் தோழியும், இரண்டே பேர். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் மூன்று வருஷம் இருந்தவர்கள். இப்போது இரண்டு பேருக்கும் நாற்பத்தாறு வயது. இரண்டு பேருக்குமே வண்டி ஓட்டத் தெரியும்.

பலரும் கேட்ட கேள்வி, "ஏங்க, ரயில் இருக்கு, விமானம் இருக்கு, எதுக்குக் கார்?" என்பதுதான். அதற்கு என் பதில், அந்தச் சாலைதான்.

ஏழாம் எண் சாலை

எங்கள் வயதுக்காரர்களுக்கு 'என்.எச். 7' என்றால் தெரியும். கன்னியாகுமரியில் தொடங்கி திருநெல்வேலி, மதுரை, சேலம், பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர், ரீவா வழியாக வாரணாசி வரைக்கும் போன ஒரே சாலை. நீளம் 2,369 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் நாட்டிலேயே நீளமான தேசிய நெடுஞ்சாலை அதுதான். நம்ம ஊர் பைபாஸில் ஏறி, எங்கேயும் பாதை மாறாமல் போய்க்கொண்டே இருந்தால் காசி வந்துவிடும். கேட்கவே நன்றாக இருக்கிறது இல்லையா?

2010இல் நாடு முழுக்க எண்களை மாற்றினார்கள். இப்போது வடக்கு தெற்காகப் போகும் சாலைகளுக்கு இரட்டைப்படை எண். கிழக்கு மேற்காகப் போவதற்கு ஒற்றைப்படை எண். மூன்று இலக்க எண் என்றால் அது கிளைச் சாலை. கடைசி இரண்டு இலக்கம்தான் அதன் தாய்ச் சாலை. 135 என்றால் 35ஆம் எண் சாலையின் கிளை என்று அர்த்தம். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால், கைபேசியில் சிக்னல் போனாலும் பலகையைப் பார்த்தே திசையை ஊகிக்கலாம்.

பழைய ஏழாம் எண் சாலை இன்றைக்குப் பல துண்டாக இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து நாக்பூர் தாண்டி லக்னாதோன் வரை 44. அங்கிருந்து ஜபல்பூர் வரை 34. ஜபல்பூரிலிருந்து ரீவா தாண்டி மங்காவான் வரை 30. அங்கிருந்து மிர்சாப்பூர் பக்கம் வரை 135. இதில் கவனிக்க வேண்டிய இடம் லக்னாதோன். அங்கே 44லேயே போனால் டெல்லிக்குப் போய்விடுவீர்கள். மங்காவானிலும் அப்படித்தான், 30லேயே நேராகப் போனால் பிரயாக்ராஜ்.

மதுரையிலிருந்து மொத்தம் சுமார் 2,200 கிலோமீட்டர், ஏழு மாநிலம். வைகையில் கிளம்பி காவிரி, துங்கபத்திரா, கிருஷ்ணா, கோதாவரி, பெண்கங்கை, நர்மதை என்று ஒவ்வொரு ஆற்றையும் தாண்டித்தான் கங்கைக்குப் போகிறோம். மைல்கல்லில் மேல்பக்கம் மஞ்சள் இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை இருந்தால் மாநிலச் சாலை. மஞ்சள் நிறம் மாறாது. அதில் எழுதியிருக்கும் மொழி மட்டும் தமிழ், கன்னடம், தெலுங்கு, மராத்தி, இந்தி என்று மாறிக்கொண்டே வரும்.

கிளம்பும் முன்

நாங்கள் போனது பிப்ரவரியில். மாதத்தை யோசித்துத்தான் வைத்தோம். டிசம்பர், ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தில் காலைப் பனிமூட்டம் ரொம்ப மோசம். முன்னால் போகும் வண்டியே தெரியாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை கங்கையில் வெள்ளம் ஏறி, படித்துறைகள் தண்ணீருக்குள் போய்விடும். ஏப்ரலுக்கு மேல் நாக்பூர் வெயிலைத் தாங்க முடியாது. சிவராத்திரி நாள், கார்த்திகைப் பௌர்ணமிக்கு வரும் தேவ தீபாவளி இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். அறை கிடைப்பது கஷ்டம்.

லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி என்றால், போவதற்கு மட்டும் கிட்டத்தட்ட 147 லிட்டர் ஆகும். வருவதற்கும் அதே கணக்கு. ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயம். சொந்தக் கார்களுக்கு வருடாந்திர பாஸ் ஒன்றும் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமானபோது அதற்கு 3,000 ரூபாய், 200 சுங்கச்சாவடிக் கடப்புகள் அல்லது ஒரு வருஷம், எது முதலில் முடிகிறதோ அதுவரைக்கும். இந்த மாதிரிப் பயணத்துக்கு அது நல்ல லாபம். 1033 என்ற எண்ணைக் கைபேசியில் போட்டு வையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றாலோ விபத்தானாலோ அழைக்க வேண்டிய எண் அது.

பெண்கள் போகிறோம் என்றால் கழிப்பறை பெரிய விஷயம். ஓரமாக இருக்கும் சின்ன ஹோட்டல்களை நம்ப வேண்டாம். பெரிய பெட்ரோல் பங்க் பார்த்து நிறுத்துவது என்று வைத்துக்கொண்டோம். தேவை இருக்கோ இல்லையோ, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஓட்டுநர் மாற்றம்.

இதையெல்லாம் தாண்டி என் தோழி ஒரே ஒரு விதி போட்டாள். "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வண்டி ஓடக் கூடாது. எந்த ஊரா இருந்தாலும் சரி. இதுக்குச் சம்மதம்னா வர்றேன்."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அவள் தம்பி எட்டு வருஷத்துக்கு முன்னால் விடியற்காலை நான்கு மணிக்கு, ஓட்டுநர் கண் அசந்ததில், நின்றிருந்த லாரியின் பின்னால் மோதிப் போனான். அந்த வீட்டுக்கு நான்தான் முதலில் போனேன். அதனால், "சரிடி, சம்மதம்" என்றேன்.

மூன்றாம் நாள்

முதல் நாள் பெங்களூர் தாண்டி தேவனஹள்ளியில் தங்கினோம். பெங்களூரைக் காலை எட்டிலிருந்து பதினொன்று வரைக்கும் தொடவே தொடாதீர்கள். மத்தியானம் கடந்துவிடுங்கள். இரண்டாம் நாள் அனந்தபூர், கர்னூல் வழியாக ஹைதராபாத். ஊருக்குள் போக வேண்டியதே இல்லை. 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை ஊரைச் சுற்றி வருகிறது. ஷம்ஷாபாத் பக்கம் ஏறி, வடக்கே மேட்சல் பக்கம் இறங்கினால் மறுபடியும் 44. அங்கே தங்கினோம்.

மூன்றாம் நாள் நாக்பூர் போக வேண்டும், சுமார் 500 கிலோமீட்டர். நான்கு மணிக்கே எழுந்து, ஐந்தரைக்குக் கிளம்பினோம். அரை மணி நேரத்தில் டயர் போச்சு. பக்கவாட்டில் கிழிந்துவிட்டதால் பஞ்சர் போட முடியாது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, டயர் கடை திறக்கும் வரைக்கும் காத்திருந்து, கிளம்பும்போது மணி பதினொன்று. அடிலாபாத் வரும்போது சாயங்காலம் ஐந்தேகால்.

அவள் சொன்னாள், "இங்கயே தங்கிரலாம்."

எனக்கோ நாக்பூரில் அறைக்குப் பணம் கட்டியாகிவிட்டது. அதோடு, நாலு வழிச் சாலை, நல்ல ரோடு, இன்னும் இருநூறு கிலோமீட்டர் கூட இல்லை. "இன்னைக்கு ஒரு நாள் மட்டும்டி. நான்தானே ஓட்டப் போறேன்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அது சம்மதம் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

பெண்கங்கையைத் தாண்டி மகாராஷ்டிராவுக்குள் போனோம். பாண்டர்கவடா பக்கம் ஒரு தாபாவில் வயிறு நிறையச் சாப்பிட்டோம். எட்டு மணிக்கு மேல் மறுபடியும் கிளம்பினோம். அவள் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன், ஜன்னலைத் திறந்தேன், மிட்டாய் மென்றேன். கொட்டாவி மட்டும் நிற்கவே இல்லை.

அதற்கப்புறம் எனக்கு நினைவிருப்பது அவள் குரல்தான். "ஏய்! நிப்பாட்டு! நிப்பாட்டு!"

கண்ணைத் திறந்தால் வண்டி இடது ஓரத்துக்குப் போயிருக்கிறது. எதிரே, பின்விளக்கு எதுவும் இல்லாமல் ஒரு லாரி நிற்கிறது. வலது பக்கம் ஒடித்து, பிரேக் அடித்து, எப்படியோ தாண்டி நிறுத்தினேன். பின்னால் வண்டி எதுவும் வரவில்லை. வந்திருந்தால் இந்தப் பகுதியை நான் பதிவு செய்துகொண்டிருக்க மாட்டேன்.

அவள் தூங்கவே இல்லையாம். கண்ணை மட்டும்தான் மூடியிருக்கிறாள். சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டில் மேடு மேடாக இருக்கும் பாருங்கள், டயர் அதில் ஏறியதும் கடகடவென்று சத்தம் வந்திருக்கிறது. அந்தக் கோட்டை அப்படிப் போடுவதே அதற்காகத்தான்.

அந்த மூன்று வினாடி

என்ன நடந்தது என்று கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இதை 'மைக்ரோ ஸ்லீப்' என்கிறார்கள். நாம் தூங்கினோம் என்றே நமக்குத் தெரியாத ஒரு குட்டித் தூக்கம். சில வினாடிதான். கண் திறந்திருந்தாலும் கூட வரலாம். நான் போனது மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம். அதாவது வினாடிக்கு 25 மீட்டர். மூன்று வினாடி கண் அசந்தால் 75 மீட்டர். அவ்வளவு தூரம் வண்டி ஆளில்லாமல் ஓடியிருக்கிறது.

நான் செய்த வைத்தியம் எதுவும் வேலைக்கு ஆகாது. பாட்டு, காற்று, மிட்டாய் எல்லாம் ஐந்து பத்து நிமிஷத்துக்குத்தான். காபி வேலை செய்யும், ஆனால் குடித்து அரை மணி நேரம் கழித்துத்தான். அதனால் சரியான முறை என்னவென்றால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, காபி குடித்துவிட்டு, பதினைந்து இருபது நிமிஷம் தூங்கி எழுவது. எழும்போது காபியும் வேலையைத் தொடங்கியிருக்கும். அதுவும் தற்காலிகம்தான். தூக்கத்துக்கு மருந்து தூக்கம் மட்டுமே.

உடம்புக்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. ராத்திரி இரண்டிலிருந்து ஆறு, மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு, இந்த இரண்டு நேரமும் இயல்பாகவே விழிப்பு குறையும். "ராத்திரியோட ராத்திரியா போயிட்டா டிராஃபிக் இருக்காது" என்று நாம் கிளம்புகிறோமே, அது தப்புக் கணக்கு. நான் மாட்டிக்கொண்டது அந்த நேரத்தில் கூட இல்லை. விழித்துப் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதுவே போதும். கடைசி சில கிலோமீட்டரை நினைத்துப் பார்த்து ஞாபகம் வரவில்லை என்றால், கொட்டாவி அடங்கவில்லை என்றால், வண்டி கோட்டைத் தொட ஆரம்பித்தது என்றால், அடுத்த பங்க்கில் நிறுத்துங்கள். அதற்கு அடுத்தது வேண்டாம்.

அதற்கப்புறம் அவள்தான் ஓட்டினாள். நாற்பது, ஐம்பதில் மெதுவாகப் போய் ஹிங்கன்காட் என்ற ஊரில் ஒரு லாட்ஜில் தங்கினோம். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஹிங்கன்காட்

காலையில் டீக்கடையில் நிற்கும்போதுதான் எனக்கு அந்த ஊர்ப் பெயர் எங்கேயோ படித்தது ஞாபகம் வந்தது. வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயர் 1802இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் ஒரு அடிக்கோட்டை அளந்து, இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கும் வேலையைத் தொடங்கினார். அதைத்தான் பிறகு 'மகா முக்கோண நில அளவை' என்றார்கள். இமயத்தின் உயரத்தைக் கணக்கிட்டதும் இந்த வேலையின் தொடர்ச்சிதான். இருபது வருஷம் தெற்கிலிருந்து வடக்கே அளந்துகொண்டே வந்தவர், 1823 ஜனவரியில் நாக்பூருக்குப் போகும் வழியில் இறந்தார். இறந்த இடம் இந்த ஹிங்கன்காட். அவரை அடக்கம் செய்ததும் இங்கேதான்.

இதை அவளிடம் சொன்னேன். அவள் டீயைக் குடித்துவிட்டு, "அந்த ஆளு இருபது வருஷம் எடுத்துக்கிட்டாரு. உனக்கு ஒரு ராத்திரி பொறுக்க முடியல" என்றாள். திட்டுதான். ஆனாலும் பேசிவிட்டாளே என்று இருந்தது.

நாக்பூரிலிருந்து காசி

நாக்பூரில் ஜீரோ மைல் கல் இருக்கிறது. மணற்கல் தூண், பக்கத்தில் நான்கு குதிரைகள். அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம். நாக்பூருக்கும் சிவனிக்கும் நடுவில் பெஞ்ச் புலிகள் காப்பகம் வருகிறது. அங்கே சாலையைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். கீழே விலங்குகள் போக வழி விட்டு, மேலே நாம் போகிறோம். மகாராஷ்டிரப் பகுதியில் மட்டும் இப்படி ஒன்பது இடங்கள். ஒன்றின் நீளம் 750 மீட்டர். புலி அதன் வழியாகப் போவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. பாதையை வழிமறிக்காமல் சாலை போட முடியும் என்பதற்கு நல்ல உதாரணம்.

நாலாம் நாள் ஜபல்பூரோடு நிறுத்தினோம், மத்தியானம் மூன்று மணிக்கே. அதனால்தான் பேடாகாட் போக முடிந்தது. பளிங்குப் பாறைகளுக்கு நடுவில் நர்மதை போகும் இடம். ஐந்தாம் நாள் ரீவா. ஆறாம் நாள் மங்காவானில் திரும்பி, ஹனுமனா தாண்டி மலையிறக்கத்தில் இறங்கினால் உத்தரப் பிரதேசம். மிர்சாப்பூரில் கங்கையை முதன்முதலாகப் பார்க்கிறோம். நம் கைக்கடிகாரம் காட்டும் இந்திய நேரத்துக்கு ஆதாரமான 82½ டிகிரி தீர்க்கரேகை இந்த மிர்சாப்பூர் பக்கம்தான் போகிறது. மதுரையைவிடக் காசி கிட்டத்தட்ட ஐந்து டிகிரி கிழக்கே இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிஷம். அதனால் மதுரையில் பொழுது உச்சிக்கு வருவதற்கு இருபது நிமிஷம் முன்பே அங்கே வந்துவிடுகிறது.

காசியை நடந்து பார்ப்பது

காசிக்குள் போனதும் முதல் வேலை, காரை மறந்துவிடுங்கள். ஊருக்கு வெளியே தங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, ஆட்டோவோ ஈ-ரிக்‌ஷாவோ பிடித்துக் கொதௌலியா பக்கம் இறங்குங்கள். அதற்கப்புறம் கால்தான். சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தாலே ஒதுங்க வேண்டும். நடுவில் மாடு வேறு நிற்கும்.

அந்தச் சந்துகளில் கைபேசி வரைபடம் குழப்பும். நாங்கள் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிது. இங்கே கங்கை தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. படித்துறைகள் எல்லாம் மேற்குக் கரையில். அதனால் ஆற்றைப் பார்த்து நின்றால் கிழக்கு. வலது கைப் பக்கம் அஸ்ஸி, இடது கைப் பக்கம் மணிகர்ணிகா, ராஜ்காட். வழி தெரியவில்லையா? சந்து எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கம் போங்கள், பெரும்பாலும் ஆறு வந்துவிடும். வருணை ஆறு வடக்கே, அஸ்ஸி தெற்கே, இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் வாரணாசி என்று பெயர் விளக்கம் சொல்வார்கள்.

எண்பதுக்கும் மேல் படித்துறைகள். விடியற்காலையில் அஸ்ஸியில் தொடங்கி வடக்கே நடங்கள், வெயில் ஏறும் முன் தசாஸ்வமேதம் போய்விடலாம். அனுமான் படித்துறைப் பக்கம் போனால் தமிழ் காதில் விழும். 1898இல் தந்தை இறந்த பிறகு பாரதி வந்து சில வருஷம் தங்கிப் படித்தது இங்கே இருந்த அத்தை வீட்டில்தான். கொஞ்சம் தள்ளி கேதார் படித்துறை. படியிலும் சுவரிலும் நம்ம ஊர்க் கோயில் மாதிரி சிவப்பு வெள்ளைப் பட்டை. பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் வந்து மடம் அமைத்த இடம் இதுதான். நகரத்தார் சத்திரத்திலிருந்து விசுவநாதர் பூஜைக்குப் பொருள்களை எடுத்துக்கொண்டு "சம்போ" என்று சொல்லியபடி தெருவில் நடந்து போவதைப் பார்த்தால், 2,200 கிலோமீட்டர் வந்தோமா என்று சந்தேகம் வந்துவிடும்.

விசுவநாதர் கோயிலுக்குக் கைபேசி கொண்டுபோக முடியாது, அறையிலேயே வைத்துவிடுங்கள். மணிகர்ணிகாவிலும் ஹரிச்சந்திராவிலும் படம் எடுக்காதீர்கள். அங்கே எரிவது யாரோ ஒருவருடைய வீட்டு மனிதர். இன்னொரு நாள் இருந்தால் பத்து கிலோமீட்டரில் சாரநாத். நம் ரூபாய் நோட்டில் இருக்கும் நான்முகச் சிங்கம் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மூடியிருக்கும்.

ஹரிச்சந்திரா படித்துறை

இரண்டாம் நாள் சாயங்காலம் ஹரிச்சந்திரா படித்துறைக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தோம். கேட்டுவிட வேண்டும் என்று கேட்டேன். "அன்னைக்கு அடிலாபாத்ல நீ ஏன் கட்டாயமா நிறுத்தச் சொல்லல?"

அவள் கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவனும் வண்டியில தூங்காமதான் இருந்திருப்பான்டி. டிரைவர் கொட்டாவி விடுறத பாத்துருப்பான். சொன்னா தப்பா நெனச்சுக்குவாரோன்னு சும்மா இருந்துருப்பான். இத்தனை வருஷமா அவன் மேல கோவம் எனக்கு, ஏன்டா சொல்லலன்னு. நானும் அதையேதான் செஞ்சேன்."

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "மன்னிச்சிரு" என்றேன். "சரி விடு. போறப்ப நான் சொன்னா நிறுத்து" என்றாள். பிறகு ஒரு இலைத் தொன்னையில் விளக்கு வாங்கி, ஏற்றித் தண்ணீரில் விட்டாள். அது போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வர ஏழு நாள் ஆனது. ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்குள் வண்டியை நிறுத்தினோம். ஒரு நாள் ஊர் பேர் தெரியாத இடத்தில் நாலரைக்கே நிறுத்தினோம், அவளுக்கு முதுகு வலி.

நண்பர்களே, ஊர்களைப் பற்றி நான் சொன்னதெல்லாம் மறந்துபோனாலும் பரவாயில்லை. இது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவருக்குத் தன் தூக்கம் தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். அதனால் பக்கத்து சீட்டில் இருப்பவர் "நிறுத்து" என்று சொன்னால், ஏன் எதற்கு என்று கேட்காமல் நிறுத்துவது என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பக்கத்து சீட்டில் இருந்தால், தப்பாக நினைப்பார்களோ என்று யோசிக்காதீர்கள். சொல்லிவிடுங்கள்.